வரி நிலுவை நோட்டீஸ்: நாமே பதில் சொல்வதா, ஆளை அமர்த்துவதா?

"ஆடிட்டரிடம் கொடுத்தாகிவிட்டது, அவர் பார்த்துக்கொள்வார்" என்பார் ஒருவர். "இதற்கெல்லாம் ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டுமா? நானே போய் அதிகாரியிடம் பேசிக்கொள்கிறேன்" என்பார் இன்னொருவர். வரித்துறை நோட்டீஸ் வந்த கடைகளில் நாம் கேட்கும் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. இரண்டுமே சரியான முடிவாக இருக்கலாம். ஆனால் நோட்டீசைப் படித்துப் பார்க்காமலே அந்த முடிவுக்கு வருவதுதான் வணிகர்களைச் சங்கடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

ஒரு பக்கப் பதிலும் நான்கு பில் நகல்களும் உரிய நாளுக்குள் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் விவகாரம், ஆணையாகி, அபராதமாகி, கடைசியில் வங்கிக் கணக்கு முடக்கத்தில் போய் நிற்கிறது. கணக்கு முடங்கினால் மண்டிக்குக் கொடுத்த செக் திரும்பும். நமக்குப் பணம் தரவேண்டிய வாடிக்கையாளர்களுக்கே துறை கடிதம் எழுதி, அந்தப் பணத்தை அரசுக்குக் கட்டச் சொல்லவும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 79ஆம் பிரிவில் இடம் உண்டு. கடன் கொடுத்து வாங்கி நடத்தும் மொத்த வியாபாரிக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், கடைவீதியில் நாணயம் போனால் திரும்பி வருவது கடினம்.

எனவே எப்போது நாமே பதில் சொல்லலாம், எப்போது தொழில் தெரிந்தவரை அமர்த்த வேண்டும் என்பதை நமது உறுப்பினர்களுக்கு விளக்குவது அவசியம் என்று கருதுகிறோம். தொகை எவ்வளவு என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கேட்கும் தொகை உண்மையிலேயே நாம் கட்டவேண்டியதுதானா, விவகாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால், முடிவு தானாகவே வந்துவிடும்.

முதலில் காகிதம்

பொது விற்பனை வரிக் காலத்தில் துறையின் நோட்டீசைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போவார்கள். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி.யில், இணையதளத்தில் நம் கணக்கில் ஏற்றிவிடுவதும் நோட்டீஸ் சேர்ப்பிக்கும் முறைகளில் ஒன்று என்று 169ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் தளத்தில் 'நோட்டீஸ்களும் ஆணைகளும்' என்று ஒரு பகுதியும், 'கூடுதல் நோட்டீஸ்கள்' என்று வேறொரு பகுதியும் உண்டு. இரண்டாவதைத் திறந்தே பார்க்காத வணிகர்கள் பலர். நோட்டீஸ் வந்ததே தெரியாமல் ஆணை வரை போய்விட்டது என்ற மனுக்கள் 2024ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஏராளமாக வந்தன. வழக்கில் உள்ள வரியில் 10 சதவீதத்தைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையுடன் பலருக்கு மறு விசாரணை வாய்ப்பு கிடைத்தது. வாரம் ஒரு முறை தளத்தைத் திறந்து பார்த்திருந்தால் அவர்களுக்கு உயர்நீதிமன்றம் வரை போகும் செலவே இருந்திருக்காது.

நோட்டீசின் தலைப்பில் உள்ள படிவ எண்ணைப் பாருங்கள். விவகாரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

டி.ஆர்.சி-01பி என்றால், நாம் விற்பனை விவரத்தில் காட்டிய வரிக்கும் மாத ரிட்டர்னில் கட்டிய வரிக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். டி.ஆர்.சி-01சி என்றால், தளம் காட்டும் உள்ளீட்டு வரியைவிட, அதாவது இன்புட்டைவிட, நாம் அதிகம் எடுத்திருக்கிறோம் என்று பொருள். இரண்டுக்கும் 7 நாள்தான் அவகாசம்.

ஏ.எஸ்.எம்.டி-10 என்பது ரிட்டர்னைச் சரிபார்த்த அதிகாரி கேட்கும் விளக்கம். இதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. நமது விளக்கம் ஏற்கப்பட்டால் விவகாரம் அங்கேயே முடிந்தது.

டி.ஆர்.சி-01 என்பது முறைப்படியான காரணம் கேட்கும் நோட்டீஸ். டி.ஆர்.சி-07 என்பது ஆணை. டி.ஆர்.சி-13 என்பது வங்கிக்கோ, நமக்குப் பணம் தரவேண்டியவருக்கோ துறை எழுதும் வசூல் கடிதம்.

எண் ஏற ஏற நமக்கு உள்ள வழிகள் குறைகின்றன, செலவு கூடுகிறது. முதல் இரண்டு கட்டங்களில் ஒரு வணிகர் தன் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டே பேசிவிடலாம். ஆணை வந்த பிறகு சட்டப் புத்தகத்தை வைத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.

நாமே பார்த்துக்கொள்ளக் கூடியவை

முதல் வகை, தொகை சரி என்று நமக்கே தெரிந்தவை. கட்ட மறந்தது, இரண்டு முறை இன்புட் எடுத்தது, கூட்டலில் தவறியது போன்றவை இதில் சேரும். இதற்கு ஆளை அமர்த்தி வாதாடுவது வீண் செலவு. 2023-24 வரையிலான ஆண்டுகளுக்கு 73ஆம் பிரிவின் கீழ், காரணம் கேட்கும் நோட்டீசுக்கு முன்பே வரியையும் வட்டியையும் டி.ஆர்.சி-03 மூலம் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் கட்டினாலும் இல்லை. 2024-25 முதலான ஆண்டுகளுக்கு 74ஏ பிரிவு பொருந்தும். அதில் மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத இனங்களுக்கு, நோட்டீஸ் வந்து 60 நாள் வரை இந்தச் சலுகை உண்டு. நாளைத் தவறவிட்டால், வரியில் 10 சதவீதம் அல்லது ரூ. 10,000, இவற்றில் எது அதிகமோ அது அபராதம். மத்திய வரிக்கும் மாநில வரிக்கும் இதைத் தனித்தனியே விதிப்பது வழக்கம். எட்டாயிரம் ரூபாய் வரிக்கு இருபதாயிரம் ரூபாய் அபராதம் கட்டும் நிலை இப்படித்தான் வருகிறது. வாடிக்கையாளரிடம் வசூலித்துவிட்டு அரசுக்குக் கட்டாத வரிக்கு 30 நாளுக்கு மேல் இந்தச் சலுகை கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகை, ரிட்டர்ன் போடாததால் அதிகாரி உத்தேசமாகப் போட்ட வரி. ஆணையைப் பார்த்ததும் பதறி வக்கீலைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஆணை வந்து 60 நாளுக்குள் அந்த ரிட்டர்னை முறையாகத் தாக்கல் செய்துவிட்டால், ஆணை திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று 62ஆம் பிரிவு சொல்கிறது. கூடுதல் தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசமும் உண்டு.

மூன்றாவது வகை, கணக்கு வித்தியாசம். மார்ச் மாதத்துப் பில்லுக்கு ஏப்ரலில் இன்புட் எடுத்தது, திருப்பி அனுப்பிய சரக்கின் கிரெடிட் நோட்டு வேறு மாதத்தில் விழுந்தது போன்றவை. இதற்குச் சட்ட வாதம் வேண்டாம். பில் எண், தேதி, தொகை, எந்த மாதத்தில் காட்டப்பட்டது என்று ஒரு பட்டியல் போதும். அந்தப் பட்டியலை உங்கள் கணக்கப்பிள்ளையை விடத் தெளிவாக எந்த வக்கீலும் போட்டுத்தர முடியாது.

நான்காவது, ஆணையில் பார்த்த உடனே தெரியும் பிழை. கட்டிய தொகையைக் கழிக்காமல் விட்டது, ஒரே தொகையை இரண்டு முறை கூட்டியது போன்றவற்றுக்கு 161ஆம் பிரிவின் கீழ் ஆணை வந்த 3 மாதத்துக்குள் திருத்த மனு கொடுக்கலாம். இதற்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் திருத்த மனு கொடுத்துவிட்டோமே என்று மேல்முறையீட்டுத் தேதியைத் தவற விட்டுவிடக் கூடாது.

வட்டிக் கணக்கையும் நாமே சரிபார்க்கலாம். வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம். இன்புட்டைத் தவறாக எடுத்து, அதைப் பயன்படுத்தாமல் லெட்ஜரில் அப்படியே வைத்திருந்தால் வட்டி கிடையாது. இதைக் கவனிக்காமல் கேட்ட வட்டியை அப்படியே கட்டுகிறவர்கள் உண்டு.

தொழில் தெரிந்தவர் தேவைப்படும் இடங்கள்

நோட்டீசில் 74ஆம் பிரிவு என்று இருந்தால் அன்றே தக்கவரைப் பாருங்கள். 73 என்பது தவறு, 74 என்பது மோசடி அல்லது வேண்டுமென்றே மறைத்தது என்ற குற்றச்சாட்டு. அதில் நோட்டீசுக்கு முன்பு கட்டினால் வரியில் 15 சதவீதம், நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் 25 சதவீதம், ஆணை வந்து 30 நாளுக்குள் 50 சதவீதம், அதற்குப் பிறகு வரிக்குச் சமமான தொகை என்று அபராதம் ஏறிக்கொண்டே போகும். கட்டிவிட்டு முடிப்பதா, மோசடி இல்லை என்று எதிர்த்து நிற்பதா என்பதைத் தனியாக இருந்து தீர்மானிக்கக் கூடாது.

சம்மன் வந்தாலும் அப்படியே. 70ஆம் பிரிவின் கீழ் வாக்குமூலம் கொடுக்க அழைத்தால் நமக்குப் பதில் பிரதிநிதியை அனுப்ப முடியாது, நாமே போக வேண்டும். அங்கே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது பின்னர் நமக்கு எதிராகவே நிற்கும். போகும் முன் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுப் போவது அறிவுடைமை.

சரக்கு எந்த வரி விகிதத்தில் வரும், நமக்குச் சரக்கு கொடுத்தவரின் பதிவு பின்தேதியிட்டு ரத்தானால் நம் இன்புட் நிற்குமா, நோட்டீஸ் காலக்கெடு கடந்து வந்ததா ஆகியவை சட்டக் கேள்விகள். பில் நகலால் மட்டும் இவற்றுக்கு விடை சொல்ல முடியாது.

ஆணை வந்துவிட்டால், அது நம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் ஒரு நாள் தாமதத்தையும் மன்னிக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கே அதிகாரம் இல்லை. நாம் ஒப்புக்கொள்ளும் தொகை முழுவதையும், மறுக்கும் வரியில் 10 சதவீதத்தையும் கட்டினால்தான் மனு ஏற்கப்படும். கட்டிவிட்டால் மீதித் தொகைக்கான வசூல் நிற்கும். இந்தக் கட்டத்தில் நன்றாக எழுதப்பட்ட மனு ஒன்று அதற்கான கட்டணத்துக்குத் தகுதியானதே. முதல் மனுவில் சொல்லாமல் விட்ட ஆதாரத்தை மேலே கொண்டுபோவது எளிதல்ல. 2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போக நேர்ந்தால், அங்கும் இந்த முதல் மனுவைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, ஒரு மளிகை மொத்த வியாபாரிக்கு 2022-23ஆம் ஆண்டுக்கு ஏ.எஸ்.எம்.டி-10 வருகிறது, இன்புட் ரூ. 1,80,000 அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று. அவர் கணக்கப்பிள்ளையுடன் இரண்டு நாள் உட்கார்ந்து பில்லுக்குப் பில் பார்க்கிறார். தொகை மூன்றாகப் பிரிகிறது. 2022 மார்ச் மாதத்துப் பில்களுக்கு ஏப்ரலில் எடுத்த வரி ரூ. 1,20,000. ஒரே பில்லை இரண்டு முறை பதிந்ததில் ரூ. 20,000. பதிவு ரத்தான ஒரு வியாபாரியிடம் வாங்கிய சரக்குக்கு ரூ. 40,000.

முதல் தொகைக்குப் பட்டியலும் நகல்களும் போதும், அவரே கொடுக்கலாம். இரண்டாவது தொகையை மூன்றாண்டு வட்டி ரூ. 10,800 சேர்த்து டி.ஆர்.சி-03இல் உடனே கட்டிவிடலாம். மூன்றாவது தொகைக்கு மட்டும், சரக்கு வந்த லாரி ரசீது, இ-வே பில், வங்கி வழியாகப் பணம் கொடுத்த ஆதாரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தொழில் தெரிந்தவரிடம் போகலாம். அப்போது அவர் கட்டணம் பேசுவது ரூ. 40,000 விவகாரத்துக்கு, ரூ. 1,80,000 விவகாரத்துக்கு அல்ல.

இதே வியாபாரி நோட்டீசைத் திறக்காமலே இருந்துவிட்டால் என்ன ஆகும்? ஆணை ரூ. 1,80,000 வரிக்கும் வரும். மூன்றாண்டு வட்டி ரூ. 97,200, அபராதம் ரூ. 20,000 என்று மொத்தம் ரூ. 2,97,200 ஆகிவிடும். அதில் பெரும்பகுதி அவர் கட்டவே தேவையில்லாத பணம்.

அமர்த்துவதென்றால் யாரை?

116ஆம் பிரிவின்படி நம் சார்பில் அதிகாரி முன் ஆஜராகக் கூடியவர்கள் பலர். நம் உறவினர், நம்மிடம் சம்பளத்துக்கு இருக்கும் பணியாளர், வக்கீல், சார்ட்டர்டு அக்கவுண்டன்ட், காஸ்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரட்டரி, பதிவு பெற்ற ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர் ஆகியோர் வரலாம். தகுதியுள்ள ஓய்வுபெற்ற வரித்துறை அதிகாரிகளும் ஓய்வுபெற்று ஓராண்டு கழிந்த பின் வரலாம். படித்த மகனோ மகளோ கூட அதிகாரப் பத்திரத்துடன் போகலாம் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

சாதாரணக் கணக்கு வித்தியாசத்துக்கு, மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவரே போதும். மேல்முறையீட்டுக்கு, அந்த வேலையை அடிக்கடி செய்கிறவரைத் தேடுங்கள். ரிட்டர்ன் போடுவது வேறு, வாதம் எழுதுவது வேறு. உயர்நீதிமன்றத்துக்கு வக்கீல்தான் போக முடியும். இன்னொன்றும் உண்டு. தவறே ரிட்டர்ன் போட்டவரால் நேர்ந்தது என்றால், அதற்குப் பதில் எழுதும் பொறுப்பையும் அவரிடமே கொடுப்பதற்கு முன் வேறொருவரிடம் ஒரு முறை காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

"உள்ளே நமக்கு ஆள் இருக்கிறது, ஒரு தொகை கொடுங்கள், முடித்துத் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகர்களைக் கடைப்படி ஏற விடாதீர்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்காது, நோட்டீசும் தளத்தில் அப்படியே இருக்கும். போலி நோட்டீஸ்களும் உலவுகின்றன. நோட்டீசில் உள்ள குறிப்பு எண்ணைத் தளத்தில் போட்டு, அது உண்மையானதுதானா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு எதையும் செய்யுங்கள்.

அமர்த்திய பிறகும் நம் பொறுப்பு

கட்டணம் எவ்வளவு, அது பதில் கொடுப்பது வரைக்கா, விசாரணைக்கு வருவதும் சேர்த்தா, மேல்முறையீடு தனியா என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதிலைத் தாக்கல் செய்யும் முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். தாக்கல் செய்ததற்கான ஒப்புகையைக் கேட்டு வாங்கி, அந்த ஆண்டின் கோப்பில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தளத்தில் பதிவாகியுள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்பது. பதிவு செய்துகொடுத்தவர் தன் எண்ணையே போட்டிருப்பார். தகவல் எல்லாம் அவருக்குப் போகும். அவர் ஊர் மாறினால், தொழிலை விட்டால், நமக்கு எதுவும் தெரியாது. கல்லாச் சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வியாபாரம் செய்ய மாட்டோம். இதுவும் கல்லாச் சாவிதான். எண்ணை நம்முடையதாக மாற்றிக்கொள்ளும் வசதி தளத்திலேயே இருக்கிறது.

விசாரணைக்கு அழைத்தால் தவறாமல் போக வேண்டும், அல்லது பிரதிநிதியை அனுப்ப வேண்டும். நமக்கு எதிராக முடிவு எடுப்பதென்றால் நேரில் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். தக்க காரணம் இருந்தால் தேதி மாற்றிக் கேட்கலாம், ஆனால் மூன்று முறைக்கு மேல் கிடைக்காது.

கட்டப் பணம் இல்லாவிட்டால்

தொகை சரிதான், ஆனால் கையில் இல்லை என்ற நிலை பலருக்கு வருவதுண்டு. இதற்கு வாதம் தேடிப் பயனில்லை. 80ஆம் பிரிவின் கீழ் டி.ஆர்.சி-20 படிவத்தில் தவணை கேட்டு ஆணையருக்கு நாமே விண்ணப்பிக்கலாம். வட்டியுடன் அதிகபட்சம் 24 மாதத் தவணை வரை அனுமதிக்கலாம். தொகை ரூ. 25,000க்குக் குறைவாக இருந்தாலும், ரிட்டர்னில் நாமே காட்டிய வரி என்றாலும் தவணை கிடையாது. ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதையும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். எனவே வியாபாரம் தாங்கும் அளவுக்கே தவணை கேளுங்கள்.

தள்ளுபடி வரும் என்று காத்திருப்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. 2023இல் தமிழக அரசு கொண்டுவந்த சமாதானத் திட்டத்தில் ஜி.எஸ்.டி.க்கு முந்தைய சட்டங்களின் சிறு நிலுவைகள் தள்ளுபடியாயின, அது 2024இல் முடிந்துவிட்டது. ஜி.எஸ்.டி.யில் 2017-18 முதல் 2019-20 வரையிலான ஆண்டுகளுக்கு வட்டி, அபராதத் தள்ளுபடி கிடைத்தது. அதற்கு வரியைக் கட்டும் கெடு 2025 மார்ச் 31 உடன் முடிந்தது. அடுத்தது வந்தாலும் எந்த ஆண்டுக்கு, எந்தப் பிரிவுக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. வட்டியோ ஒரு நாளும் நிற்பதில்லை.

ஆகவே வணிகப் பெருமக்களே, நோட்டீஸ் வந்தால் அதை மேசை அறையில் போட்டுப் பூட்டவும் வேண்டாம், பதறிக்கொண்டு யார் கையிலோ கொடுக்கவும் வேண்டாம். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தொகையை, சரியானது, ஆதாரம் காட்டி மறுக்கக் கூடியது, சட்டம் தெரிந்தவர் பேச வேண்டியது என்று மூன்றாகப் பிரியுங்கள். முதலாவதைக் கட்டுங்கள், இரண்டாவதற்கு நீங்களே பதில் கொடுங்கள், மூன்றாவதற்குத் தக்க ஆளை அமர்த்துங்கள். பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்றால், நோட்டீசை எடுத்துக்கொண்டு சங்க நிர்வாகிகளிடமோ, இந்த வழியில் முன்பே நடந்த சக வணிகரிடமோ அந்த வாரமே வந்து கேளுங்கள். கெடு முடிந்த பிறகு வருகிறவருக்கு யாரும் அதிகம் செய்துவிட முடியாது.